தலையணையாகிப் போன லைஃப் ஜாக்கெட்

"நல்ல நீச்சல்காரன் ஆயிற்றே! எப்படிப் போனான்?"

மீன்பிடிக்கப் போனவர் படகிலிருந்து தவறி விழுந்து இறந்துவிட்டார் என்று ஊருக்குச் செய்தி வரும்போதெல்லாம் இழவு வீட்டு வாசலில் இந்தக் கேள்வி எழுகிறது. கேட்கிறவர்களுக்குப் பதில் தெரியாது. பதில் தெரிந்தவர்கள், அதாவது அந்தப் படகில் கூட இருந்தவர்கள், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் வாய் திறந்தால் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்: "ஜாக்கெட் படகிலேதான் கிடந்தது. யாரும் போடவில்லை."

எங்கே கிடந்தது? ஐஸ் பெட்டியின் மேலே, அல்லது வலைக் குவியலுக்கு அடியிலே. ராத்திரி வேலை முடிந்து கண்ணயரும்போது தலைக்கு அணையாக இருப்பதும் அதுதான். சோதனைக்கு அதிகாரி வரும் அன்று மட்டும் தூசி தட்டி, எண்ணிக் காட்டப்படும். மறுநாள் மறுபடியும் தலையணை. உயிரைக் காக்க வாங்கிய பொருள் உறக்கத்துக்கு உதவுகிறது, உயிருக்கு உதவுவதில்லை.

இது ஏதோ கடற்கரைக்காரர்கள் விவகாரம், மும்பைத் தமிழர்களுக்கு இதில் என்ன என்று நினைத்துவிட வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் கொச்சி தோப்பும்படியில் படகைக் கட்டிவிட்டு, கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரம், குஜராத் கடல்வரை தொழிலுக்குப் போகிறார்கள். மேற்குக் கரைப் படகுகளில் கூலிக்கும் பங்குக்கும் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் பலர். அவர்களுடைய அண்ணனோ மச்சானோ தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் இருக்கலாம். இது போக, ஆபீசிலும் கம்பெனியிலும் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து சின்னப் படகை வாடகைக்குப் பேசி, வசை கழிமுகத்திலோ உத்தன் பக்கமோ தூண்டில் போடப் போகிறவர்களும் உண்டு. தொழிலுக்குப் போகிறவருக்கும் பொழுதுபோக்குக்குப் போகிறவருக்கும் கடல் ஒன்றுதான். தவறி விழுந்தால் அது ஆள் பார்ப்பதில்லை.

விழுவது எப்படி?

புயலில்தான் ஆட்கள் கடலில் விழுகிறார்கள் என்பது பொதுவான எண்ணம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களில் ஏற்படுத்திய காயம் இன்னும் ஆறவில்லை என்பதால் இந்த எண்ணம் பலமாக இருக்கிறது. ஆனால் புயலுக்கு எச்சரிக்கை உண்டு, கொடி ஏற்றுவார்கள், வானொலி சொல்லும். படகின் விளிம்பிலிருந்து ஒருவர் தவறி விழுவதற்கு எந்த நிலையமும் எச்சரிக்கை கொடுக்காது. அது அமைதியான நாளில், பழகிய வேலையில், ஒரு நொடி அசட்டையில் நடப்பது.

வலை இறங்கி ஓடும்போது கயிற்றின் வளையத்துக்குள் கால் வைத்து நிற்பார்கள். கயிறு இறுகினால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மீனின் வழவழப்பும் தண்ணீரும் சேர்ந்த ஃபைபர் தளம் எண்ணெய் தடவிய தரையைப் போல வழுக்கும். பெரிய மீன் மாட்டிக்கொண்ட சந்தோஷத்தில் எல்லோரும் ஒரே பக்கம் ஓடி எட்டிப் பார்ப்பார்கள், படகு சாயும். எழுந்து நின்று மோட்டாரின் கயிற்றைச் சுண்டி இழுக்கும்போது, கியர் விழுந்திருந்தால் படகு திடீரென்று பாயும். இழுத்தவர் பின்பக்கமாக விழுவார், அங்கே சுழல்வது மோட்டாரின் விசிறி.

இன்னொன்று, வெளியே சொல்லக் கூச்சப்படுவது. சின்னப் படகில் கழிப்பறை கிடையாது. ராத்திரி தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, விளிம்பில் நின்று, இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சிறுநீர் கழிக்கிறார்கள். ஒரு சின்ன அலை பக்கவாட்டில் தட்டினால் போதும். மற்றவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். விடிந்து ஆளை எண்ணும்போதுதான் ஒரு தலை குறைவது தெரியும். குடித்துவிட்டு எழுந்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு தேவையில்லை. படகுக்குள் ஒரு பழைய டின்னோ வாளியோ வைத்துக்கொண்டால் விளிம்புக்குப் போக வேண்டியதே இல்லை. வலை ஓடும்போது கயிறு கிடக்கும் இடத்தில் கால் வைக்காமல், வெட்டுக்கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும். தளத்தை அவ்வப்போது கழுவித் தேய்க்கலாம். விளிம்பின் மேல் உட்காராமல் உள்ளே தாழ்வாக உட்காரலாம். எழுந்து நடக்கும்போது ஒரு கை எதையாவது பிடித்திருக்க வேண்டும். ராத்திரி எழுகிறவர் பக்கத்தில் இருப்பவரைத் தட்டிச் சொல்லிவிட்டு எழ வேண்டும். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவு எளிய விஷயங்கள் இவை. எளிதாக இருப்பதாலேயே யாரும் மதிப்பதில்லை.

ஒன்றரை நிமிடக் கணக்கு

நீந்தத் தெரியும் என்ற தைரியத்துக்கு வருவோம்.

சின்னப் படகு மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய வேகம் அல்ல. அந்த வேகத்தில் படகு நிமிடத்துக்குச் சுமார் 185 மீட்டர் நகர்ந்துவிடும். விழுந்ததைக் கவனித்து, கத்தி, மோட்டாரைக் குறைத்துப் படகைத் திருப்ப ஒன்றரை நிமிடம் ஆனால், நம் 12 பெட்டி லோக்கல் ரயிலின் நீளத்தைவிட அதிக தூரத்துக்குப் படகு போயிருக்கும். பிளாட்பாரத்தின் மறுகோடியில் நிற்கிற ஒரு மனிதனைப் பகலிலேயே அடையாளம் காண்பது சிரமம். அலைக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் ஒரு தலையை, அதுவும் அந்தி வேளையில், எப்படிக் காண்பது?

விழும்போது விளிம்பில் தலை மோதினால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. லுங்கி காலைச் சுற்றிக்கொண்டாலும் அப்படியே. எதிர்பாராமல் விழுகிறவர் முதலில் செய்வது மூச்சை இழுப்பது. அந்த மூச்சோடு உப்புத் தண்ணீரும் உள்ளே போகிறது. இவை எதுவும் நேராமல், நன்றாக நீந்துகிறவராகவே இருந்தாலும், எங்கே நீந்துவார்? கரை கண்ணுக்குத் தெரியாது. படகு போய்விட்டது. நீச்சல் கொஞ்ச நேரம்தான் வாங்கித் தரும். அந்த நேரத்தை மணிக்கணக்காக நீட்டித் தருவது உடம்பில் கட்டிய மிதவைச் சட்டை ஒன்றுதான். மயங்கிக் கிடந்தாலும் முகத்தை மேலே வைத்திருக்கும்படி அமைந்த சட்டைகள் உண்டு. தூரத்திலிருந்து ஆரஞ்சு நிறம் தெரியும். விசில் கட்டியிருந்தால் இருட்டிலும் குரல் கேட்கும்.

வெளிநாட்டுக் கணக்கு ஒன்றைச் சொல்லலாம். அமெரிக்காவில் 2000 முதல் 2016 வரை மீன்பிடித் தொழிலில் படகிலிருந்து தவறி விழுந்து இறந்தவர்கள் 204 பேர். அந்த நாட்டு அரசின் நோய்த் தடுப்பு மையம் ஒவ்வொரு சாவையும் ஆராய்ந்து 2018ல் வெளியிட்ட கணக்கு இது. அந்த 204 பேரில் மிதவைச் சட்டை அணிந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. 121 பேர் விழுந்ததை யாருமே பார்க்கவில்லை. இத்தனைக்கும் அவர்களில் பலர் வருடக்கணக்கில் கடலில் பிழைத்தவர்கள். பணக்கார நாடு, வசதியான படகு, கூப்பிட்டால் ஹெலிகாப்டர் வரும் கரை. அங்கேயே நிலைமை இது என்றால், இங்கே நீச்சலை மட்டும் நம்பிப் போவது எத்தனை பெரிய சூதாட்டம்!

போடாததற்குச் சொல்லும் காரணங்கள்

ஏன் போடுவதில்லை என்று கேட்டால் பதில்கள் தயாராக இருக்கின்றன.

"வெயிலில் புழுங்குகிறது." உண்மைதான். தடித்த நுரைச் சட்டை அரபிக் கடல் வெயிலில் சுகமாக இருக்காது. ஆனால் கை வீசி வேலை செய்ய வசதியாக, உடம்போடு ஒட்டிய மெல்லிய சட்டைகளும் வந்திருக்கின்றன. தண்ணீரில் விழுந்ததும் தானே காற்று நிரம்பிக்கொள்ளும் வகையும் இருக்கிறது, விலைதான் அதிகம்.

"வேலைக்கு இடைஞ்சல், வலைக் கண்ணியில் மாட்டும்." வார் தொங்கிக்கொண்டிருந்தால் மாட்டும். வாரை இறுக்கிச் செருகினால் மாட்டாது. தளர்வாகப் போட்ட சட்டை தண்ணீரில் கழுத்துக்கு மேலே ஏறிக்கொண்டு ஆளைக் கைவிடும் என்பதால் எப்படியும் இறுக்கித்தான் கட்ட வேண்டும்.

"விலை." ஒரு கேன் டீசல் நிரப்ப ஆகிற செலவில் சாதாரண நுரைச் சட்டை ஒன்றுக்கு மேலேயே வாங்கலாம். வாரக்கணக்கில் கடலில் நிற்கும் படகுக்கு டீசலும் ஐஸும் அரிசியும் ஏற்றுகிறவருக்கு இது ஒரு செலவா?

கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது கேலி. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "அண்ணே, எனக்கு லைஃப் ஜாக்கெட் எங்கே?" என்று கேட்டுப் பார்க்கட்டும். "ஏலே, ஜாக்கெட் கேக்கானே! சேலையும் வேணுமால?" என்று படகே சிரிக்கும். அதன் பிறகு அவன் கேட்கமாட்டான். வேறு யாரும் கேட்கமாட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்ற பெயருக்குப் பயந்து கடலுக்குப் பயப்படாதது போல நடிக்கிறோம்.

லோக்கல் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு போகிற இளைஞனைப் பார்த்தால் "தம்பி, உள்ளே வா" என்று நாம் சொல்வதில்லையா? அவனும் தினமும் தொங்குகிறவன்தான். "ஒன்றும் ஆகாது அங்கிள்" என்பான். ஒன்றும் ஆகாத நாட்கள் ஆயிரம். ஆகிற நாள் ஒன்று. படகின் விளிம்பும் அந்த வாசலைப் போன்றதுதான்.

உத்தரவு யார் போடுவது?

ஆகவே போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுவது சரியாகாது. புதிதாக வேலைக்கு வந்தவன், அதுவும் முன்பணம் வாங்கிக்கொண்டு அயல் மாநிலத்துக்கு வந்தவன், தனியாக நின்று வாதாட முடியாது. சொல்ல வேண்டியவர் படகை ஓட்டுகிறவர். கொச்சியில் அவரை ஸ்ராங்க் என்பார்கள், மும்பையில் தண்டேல் என்பார்கள். எங்கே வலை இறக்குவது, எப்போது திரும்புவது என்று அவர் சொன்னதை மறுத்துப் பேச ஆள் இல்லை. அவர் முதலில் தன் உடம்பில் சட்டையைக் கட்டிக்கொண்டு, "போட்டவன் ஏறு, போடாதவன் கரையில் நில்லு" என்று ஒரு வாரம் சொல்லட்டும். கேலி தானாக நின்றுவிடும். எல்லோரும் போட்டிருக்கும் படகில் யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

படகுக்காரருக்கும் பொறுப்பு இருக்கிறது. ஆளுக்கு ஒன்று வாங்கி வைத்துவிட்டேன் என்பதோடு அவர் கடமை முடியவில்லை. கிழிந்து, வெயிலில் இற்றுப்போய், வார் அறுந்து கிடக்கும் சட்டை கணக்குக்கு மட்டுமே உதவும். வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டும். மிதக்காததைத் தூக்கி எறிய வேண்டும். படகில் யார் யார் போகிறார்கள், ஊர் எது, வீட்டுப் போன் நம்பர் என்ன என்று ஒரு பட்டியல் எழுதிக் கரையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அதிகாரிகள் பங்கு என்ன? துறைமுகத்தில் சட்டைகளை எண்ணுவதைவிட, முகத்துவாரத்தில் நின்று உடம்புகளைப் பார்ப்பது மேல். படகுகள் கவிழ்வதும் ஆட்கள் தூக்கி எறியப்படுவதும் அதிகம் நடக்கிற இடம் முகத்துவாரம்தான். திருவனந்தபுரம் மாவட்டம் முதலப்பொழியில் 2023 ஜூலை 10ந் தேதி படகு கவிழ்ந்து 4 மீனவர்கள் இறந்தார்கள்; அதே இடத்தில் அதற்கு முன்பும் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்திலும் இதே துயரம் உண்டு. மணல் திட்டை அகற்றுவதும் தூண்டில் வளைவைச் சீரமைப்பதும் அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெற வேண்டும். அது நடக்கும்வரை, முகத்துவாரம் தாண்டும்போதாவது எல்லோரும் சட்டை போட்டு, உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு போவது நம் கையில் இருக்கிறது.

உத்தரவு போட்டால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு மும்பையிலேயே சாட்சி உண்டு. 2024 டிசம்பர் 18ந் தேதி எலிஃபண்டா தீவுக்குப் போன பயணிகள் படகு மீது கடற்படையின் வேகப் படகு மோதி பல உயிர்கள் போயின. அதன் பிறகுதான் கேட்வேயில் படகு ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை கட்டாயம் என்று உத்தரவு வந்தது. அன்றுவரை புழுக்கம் என்று சொன்னவர்கள் மறுநாள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். புழுக்கம் குறைந்துவிடவில்லை, உத்தரவுதான் வந்தது. மீன்பிடிப் படகுக்கும் அப்படி ஒரு சாவு எண்ணிக்கை வந்த பிறகுதான் வர வேண்டுமா?

விழுந்துவிட்டால்

எல்லா ஜாக்கிரதைக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிடலாம். அப்போது படகில் இருப்பவர்கள் பதறாமல் செய்ய வேண்டியவை சில.

பார்த்தவர் உடனே கத்த வேண்டும். பிறகு அவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. விழுந்தவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. இன்னொருவர் மிதக்கும் எதையாவது, மூடிய காலி கேனையாவது, தூக்கிப் போட வேண்டும். கயிறு கட்டிய கேன் ஒன்று எப்போதும் தயாராக இருந்தால் நல்லது. ஓட்டுகிறவர் படகின் முன்பக்கத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி மெல்ல நெருங்க வேண்டும். ஆள் பக்கத்தில் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். காப்பாற்றப் போய் விசிறியில் அடிபட வைத்துவிடக் கூடாது. அவசரப்பட்டுக் கூடவே குதிப்பது இரண்டு சாவுக்கு வழி. மேலே ஏற்றுவதற்குச் சட்டையின் தோள் வாரைப் பிடித்து இழுக்கலாம். கயிற்றில் வளையம் போட்டுக் கால் வைத்து ஏறவும் விடலாம். ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நேரத்தைக் கடத்தாமல் கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டும். எண் 1554. செல்போன் எட்டாத தூரத்தில் வயர்லெஸ்ஸின் 16வது சேனல்.

தனியாகப் போகிறவருக்கு இதெல்லாம் இல்லை. அவருக்குத் துணை இரண்டே: உடம்பில் சட்டை, கையில் கயிறு. மோட்டாரோடு வரும் சிவப்புச் சுருள் கயிற்றை மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டிக்கொண்டால், அவர் விழுந்ததும் கயிறு பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். படகு அவரை விட்டுவிட்டுப் போகாது. பல படகுகளில் அந்தக் கயிறு மோட்டாரிலேயே நிரந்தரமாகச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. அதுவும் ஒரு தலையணைதான்.

காத்திருக்கும் வீடு

கடலில் விழுந்தவரின் உடல் எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. கிடைக்காவிட்டால் அந்த வீட்டுக்கு இரட்டைத் தண்டனை. காணாமல் போனவர் ஏழு ஆண்டுகளாக உயிரோடு இருப்பதாகத் தெரியவரவில்லை என்றால்தான் இறந்ததாகச் சட்டம் பொதுவாகக் கருதும். ஒக்கி போன்ற பெரும் பேரிடரில் அரசு மனமிரங்கி விதியைத் தளர்த்தியது உண்டு. தனியாக ஒரு படகிலிருந்து ஒருவர் விழுந்தால் அந்தச் சலுகைக்கு யார் போராடுவார்கள்? மனைவி பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் நிற்பார். பேங்க் கணக்கு அப்படியே கிடக்கும். அம்மா ராத்திரி கதவைத் தாழ் போட மாட்டார்.

மத்திய அரசு 2020ல் தொடங்கிய மீன்வளத் திட்டத்தில் மீனவர்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டு. உயிர் போனால் 5 லட்சம் ரூபாய். பதிவு செய்த மீனவர்களுக்குத்தான் அது. அயல் மாநிலத்தில் பிழைப்பவர்கள் ஊருக்குப் போகும்போது கூட்டுறவுச் சங்கத்தில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஆனால் அந்தப் பணம் ஆள் போன பிறகு வருவது. ஆளையே வீட்டுக்குக் கொண்டுவருவது சட்டைதான். மிதவைச் சட்டை அணிந்தவர் உயிரோடு கிடைக்க வாய்ப்பு அதிகம். விதி கெட்டுப் போனாலும் உடலாவது மிதந்து கிடைக்கும். வீட்டுக்காரர்கள் முகம் பார்த்து அழவாவது முடியும். சொல்லக் கசப்பாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

நாரியல் பூர்ணிமா அன்று கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்துவிட்டுப் புதிய பருவத்தைத் தொடங்குகிறார்கள். நம்மவர்களும் கடலம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் படகு இறக்குகிறார்கள். கும்பிட்ட கையோடு சட்டையின் வாரையும் இறுக்கிக் கட்டிக்கொண்டால் என்ன? இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பேசுகிறவர்கள், கடல் தொழிலில் இருக்கும் தம்பியிடமோ மச்சானிடமோ பணம் அனுப்பினாயா என்று கேட்பதற்கு முன், ஜாக்கெட் போடுகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

ஒரு தலையணை குறைந்தால் தூக்கம் கெட்டுவிடாது.